வயிற்றெரிச்சல்

அண்டை வீட்டார் வாழ்வதைக் கண்டு உண்டாகும் வயிற்றெரிச்சலைப் பற்றி நாம் இங்கே எழுதப் புகவில்லை. அதற்கு மருந்து எவரும் கண்டுபிடித்தபாடில்லை. நாம் சொல்ல வந்தது மெய்யான வயிற்றெரிச்சல். அதாவது, இரைப்பையின் உட்சவ்வு அழற்சி கொள்வதனால் விளையும் துன்பம். வாயு, பித்தம், அஜீரணம் என்று நம் வீடுகளில் இதற்குப் பெயர்கள் பல. பரிகாரம் மட்டும் ஒன்றே: ஒரு சோடா, அல்லது கொஞ்சம் ஓமத் தண்ணீர்.

நம் நண்பரொருவர், நம்மைப் போன்ற உபாத்தியாயர், முழங்கால் வலிக்காகக் கடையில் தாமே மாத்திரை வாங்கிப் பல மாதங்கள் விழுங்கி வந்தார். மேல்வயிற்றில் எரிச்சல் கண்டது. நாலு கவளம் உண்பதற்குள் வயிறு நிறைந்தது போலாயிற்று. வாயு என்று எண்ணி ஓமத் தண்ணீர் குடித்தார். பின்னர் மலம் தாரைப் போல் கறுத்தது. அதை வாய்விட்டுச் சொல்வது அநாகரிகம் என்று கருதி, மனைவியிடங்கூடச் சொல்லவில்லை. ஒரு நாள் வகுப்பிலேயே மயங்கி விழுந்தார். இரைப்பையில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. தெய்வாதீனமாக உயிர் தப்பினார்.

உணவைச் செரிக்கச் செய்யும் அமிலம் இரைப்பையையே அரித்துவிடாதபடி, அதன் உட்புறத்தை வழவழப்பான படலம் ஒன்று காக்கிறது. ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் முதலிய வலி மாத்திரைகள் இந்தக் காவலைத் தளர்த்திவிடுகின்றன. மதுபானமும் உட்சவ்வைப் புண்படுத்துகிறது.

மற்றொரு முக்கிய காரணம் ஒரு கிருமி. அமிலம் நிறைந்த இரைப்பையில் கிருமி வாழாது என்றே வைத்தியர்கள் நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து டாக்டர் ராபின் வாரன் 1979-இல் அழற்சி கண்ட இரைப்பைகளில் வளைந்த கிருமிகளைக் கண்டார். அவருடன் சேர்ந்து ஆராய்ந்த பாரி மார்ஷல், உலகம் நம்ப மறுத்தபோது, 1984-இல் அக்கிருமிகளைத் தாமே குடித்துவிட்டார்! சில தினங்களில் வாந்தி கண்டது; குழாய் விட்டுப் பார்த்ததில் இரைப்பை அழற்சியும் வெளிப்பட்டது. இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் இக்கிருமி பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே தொற்றுகிறது. நம் தேசத்தில் மிகப் பரவலாக உள்ளது. நாள்பட்டால் இரைப்பைப் புண்ணுக்கும், சிலருக்குப் புற்றுநோய்க்குங்கூட இதுவே வித்தாகிறது.

ஆகவே, எரிச்சல், குமட்டல், பசியின்மை ஆகியவை ஓரிரு வாரத்தில் தணியாவிடில் டாக்டரிடம் செல்வதே விவேகம். மலத்தையோ மூச்சையோ சோதித்துக் கிருமியை அறியலாம். தேவையானால் குழாய் விட்டுப் பார்ப்பார்கள். கிருமி இருந்தால், அமிலத்தைக் குறைக்கும் மருந்துடன் கிருமிநாசினி மாத்திரைகளைச் சுமார் 14 நாள் உட்கொள்ள வேண்டும். நாலாம் நாளே எரிச்சல் நின்றதென்று பாதியில் விட்டால் கிருமி மிஞ்சிவிடும். இருதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேளாமல் அதை நிறுத்தலாகாது.

மிளகாயும் காபியும் எரிச்சலைக் கூட்டலாம். ஒத்துக்கொள்ளாதவர்கள் குறைத்துக்கொள்வது நலம். ஆனால் காரத்தை விலக்கிவிட்டதனால் மட்டும் கிருமி ஓடிவிடாது. பால் தரும் குளிர்ச்சியும் சற்று நேரத்துக்குத்தான். பின்னர் அமிலம் அதிகமாய்ச் சுரக்கும்.

கறுத்த மலம், இரத்த வாந்தி அல்லது காபித் தூள் போன்ற வாந்தி, மயக்கம் இவற்றில் எது கண்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காரணமின்றி உடல் இளைத்தாலும், விழுங்குவது கடினமானாலும் தாமதியாது பரிசோதித்துக்கொள்ள வேண்டும். வியர்வையும் மூச்சுத் திணறலும் சேர்ந்து நெஞ்சு எரிந்தால் அது இருதய நோயாகவும் இருக்கக்கூடும். சோடாவைத் தேடிக்கொண்டிருத்தல் ஆகாது.

நம் இல்லங்களில் பெண்மணிகள் எல்லோரும் உண்ட பின்னரே உண்டு, தம் வலியைக் கடைசியில் சொல்லுகிறார்கள், ஆண்களோ சொல்லுவதேயில்லை. தேசத்தின் நலம் குடும்பத்தின் நலத்தில் தொடங்குகிறது. இன்றிரவு இலையில் சோற்றை மிச்சம் வைப்பவரை, "ஏன்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். எங்கள் நண்பரை அப்படி எவரும் கேட்கவில்லை, நாமுந்தான்.