குப்பைமேனி இலையின் பாக்டீரியா எதிர்ப்புத் திறன்: தடை வளையம் காட்டுவதும் காட்டாததும்

சொறி, சிரங்குக்குக் குப்பைமேனி இலையை உப்புடன் அரைத்துப் பூசுவது தமிழரிடையே நெடுங்காலமாக உள்ள வழக்கம். யுபோர்பியேசி குடும்பத்தைச் சேர்ந்த இச்செடியின் தாவரவியற் பெயர் அக்காலிபா இண்டிகா. இதன் இலைச்சாறு ஆய்வகத்தில் தடை வளையம் தந்தவுடன் மரபு மெய்ப்பிக்கப்பட்டதாக முடிவுரைக்கும் போக்கு ஆய்வேடுகளில் உண்டு. அம்முடிவு அவ்வளவு எளிதன்று.

நிழலில் உலர்த்திப் பொடித்த இலை வழக்கமாக ஹெக்சேன், எத்தில் அசிட்டேட், மெத்தனால் என முனைவுத்தன்மை ஏறும் வரிசையில் ஊறவைக்கப்படுகிறது. ஃபீனாலிக் சேர்மங்களும் ஃபிளேவனாய்டுகளும் மெத்தனாலில் நன்கு கரைகின்றன. மரபில் பயன்படுவதோ பச்சிலையின் நீர்ச்சாறு. அதையும் உடன்வைத்துச் சோதிக்காத ஆய்வு மரபைப் பற்றி எதுவும் சொல்ல இயலாது. உப்பும் மறக்கப்படுகிறது. தோற்புண்களில் காணப்படும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் 7.5 விழுக்காடு உப்பிலும் வளரக்கூடியது. உப்பு மட்டும், இலை மட்டும், இரண்டும் சேர்ந்தது என மூன்றையும் ஒப்பிட்டால்தான் செயல் எதனுடையது என்பது தெளியும்.

மியூல்லர்-ஹின்டன் அகாரில் தோன்றும் வளையத்தின் விட்டம், சேர்மத்தின் வலிமையை மட்டுமன்றி அது அகாரில் பரவும் வேகத்தையும் காட்டுகிறது. பெரிய மூலக்கூறுகளான டானின்களும் நீரில் கரையாத டெர்பீன்களும் மெதுவாகவே பரவும். எனவே சிறிய வளையம் வலுக்குறைவுக்குச் சான்றாகாது. கரைப்பானாகும் டைமெத்தில் சல்பாக்சைடை மட்டும் இட்ட கட்டுப்பாடு இல்லாவிடில் வளையத்துக்கே பொருளில்லை. குறைந்தபட்சத் தடுப்புச் செறிவே நம்பத்தக்க அளவீடு. இலைச்சாற்றின் பச்சை நிறம் கலங்கலை மறைப்பதால், உயிருள்ள பாக்டீரியா இருப்பின் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் ரெசாசுரின் சாயம் இங்குக் கைகொடுக்கும். மில்லிலிட்டருக்கு 1,000 மைக்ரோகிராமுக்கு மேல் தேவைப்படும் சாற்றை வலுவானதெனக் கூறுவது பொருந்தாது. எஸ்செரிசியா கோலை போன்ற கிராம் எதிர் பாக்டீரியாவின் வெளிச்சவ்வு பல தாவரச் சேர்மங்களைத் தடுத்துவிடுவதால், அங்குச் செறிவு இன்னும் உயர்வது இயல்பே.

சொறிக்கு மூலகாரணம் பாக்டீரியா அன்று, சார்கோப்டஸ் ஸ்கேபியை என்னும் உண்ணி என்பதும் நினைவிற்குரியது. பாக்டீரியாச் சோதனை, சொறிந்த புண்ணில் பின்னர் ஏற்படும் தொற்றைப் பற்றியே பேசுகிறது. உண்ணிக்கு வேறு சோதனை வேண்டும்.

பாதுகாப்பும் தனியே ஆராயத்தக்கது. ஜி6பிடி நொதிக் குறைபாடுடையோர் இச்செடியை உட்கொண்டபின் சிவப்பணுச் சிதைவுக்கு உள்ளானமை இலங்கையில் பதிவாகியுள்ளது. நொதிக் குறைபாடற்ற கொடையாளரின் குருதியில் மட்டும் செய்யப்படும் நச்சுத்தன்மைச் சோதனை இவ்வாபத்தைக் காட்டாமல் போகலாம்.