மதுரையிலிருந்து எது தூரம்... துபாயா, சிங்கப்பூரா? டிக்கெட்டில் இருக்கும் நேரக் கணக்கு!

"துபாய் பக்கம்தாம்ப்பா... ரெண்டரை மணி நேரத்துல இறங்கிடலாம். சிங்கப்பூருக்குத்தான் ஆறரை மணி நேரம் உட்காரணும்!"

டி.கல்லுப்பட்டி பக்கம் வெளிநாட்டு வேலைக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகளில் இப்படி ஒரு பேச்சு அடிபடும். டிக்கெட்டைப் பார்த்தாலும் அப்படித்தான் தெரியும். ஆனால், உண்மை வேறு!

மதுரை விமான நிலையத்திலிருந்து நேராக அளந்தால் துபாய் சுமார் 2,950 கி.மீ., சிங்கப்பூர் சுமார் 3,000 கி.மீ. இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம். மணிக்கு 800 கி.மீ-க்கு மேல் பறக்கும் விமானத்தில் நேரடியாகப் போனால், இரண்டு ஊருக்குமே சுமார் 4 மணி நேரம்தான் ஆகும்.

அந்த ரெண்டரையும் ஆறரையும் எப்படி வந்தன?

டிக்கெட்டில் கிளம்பும் நேரம் நம் ஊர்க் கணக்கு. இறங்கும் நேரம் அந்த ஊர்க் கணக்கு. துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. மதுரையில் பகல் 12 மணிக்குக் கிளம்பினால், துபாயில் இறங்கும்போது அங்கே மதியம் 2.30. சிங்கப்பூர் என்றால் மாலை 6.30.

உலகின் மிக நீண்ட விமானப் பயணங்களில் ஒன்றான சிங்கப்பூர் - நியூயார்க் பயணத்திலும் இதே வேடிக்கைதான். சுமார் 15,300 கி.மீ. தூரம், பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல் பயணம். ஆனாலும், பகலில் கிளம்பியவர் அதே தேதி மாலையில் நியூயார்க்கில் இறங்கிவிடலாம்!

நள்ளிரவு டிக்கெட்... உஷார்!

நேரத்தைவிடத் தேதியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டிக்கெட்டில் '15-ம் தேதி, 00.30' என்று இருந்தால், அது 14-ம் தேதி ராத்திரி முடிந்து வரும் பன்னிரண்டரை மணி. வெளிநாட்டுப் பயணத்துக்கு 3 மணி நேரம் முன்பே விமான நிலையத்தில் இருப்பது நல்லது. அதாவது, 14-ம் தேதி ராத்திரி 9.30-க்கு அங்கே இருக்க வேண்டும். டி.கல்லுப்பட்டியிலிருந்து திருமங்கலம், கப்பலூர் வழியாகச் சுமார் 40 கி.மீ. போக வேண்டும். எனவே, 8 மணிக்கே வீட்டிலிருந்து கிளம்பிவிடுங்கள்.

'15-ம் தேதி ராத்திரிதானே' என்று இருந்துவிட்டால், கடன் வாங்கி எடுத்த டிக்கெட்டோடு வேலைக்குச் சேரும் தேதியும் போய்விடும். அழைக்கப் போகிறவர்களும் டிக்கெட்டில் இறங்கும் தேதியை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் காத்திருக்கும் அம்மாக்களுக்கு ஒரு சுலபமான கணக்கு... "ஃபிளைட் ஏறிட்டேம்மா" என்று போன் வந்ததும் நம் வீட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். விமானம் கிளம்பி, பறந்து, இறங்கி, இமிகிரேஷன் முடித்து, பெட்டியை எடுத்து வெளியே வர ஐந்தாறு மணி நேரம் ஆகிவிடும். அதுவரை போன் 'ஸ்விட்ச் ஆஃப்' என்று வந்தால் பதற வேண்டாம். பிள்ளை வந்துகொண்டுதான் இருக்கிறான்!