தராசுக்குள் இருக்கும் பலகை: அட்டையா, கண்ணாடித் துணியா?

எலக்ட்ரானிக் தராசு வாங்கப் போகும்போது நம்மில் எத்தனை பேர் அதன் உள்ளே என்ன சரக்கு போட்டிருக்கிறார்கள் என்று கேட்கிறோம்? எத்தனை கிலோ தாங்கும், எத்தனை கிராம் சுத்தம், கரண்ட் போனால் பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும், முத்திரை போட்டுத் தருவாரா என்று கேட்டுவிட்டு விலை பேச ஆரம்பித்துவிடுகிறோம். நாங்களும் அப்படித்தான் வாங்கினோம். துவரம்பருப்பைக் கையில் அள்ளிப் பார்க்காமல் மூட்டை எடுக்காத நாங்கள், தராசை மட்டும் மூடிய பெட்டியாகவே வாங்கிக்கொண்டு வந்தோம். அதற்குக் கொடுத்த விலையைத்தான் இங்கே எழுதுகிறோம்.

தாமலில் நெடுஞ்சாலையை ஒட்டி எங்கள் மளிகை மொத்தக் கடை. ஏரிக்கரை ஊர் என்பதால் ஐப்பசி, கார்த்திகையில் சுவரே வியர்க்கும். 2021 நவம்பரில் பெய்த மழையும் பாலாற்றில் போன வெள்ளமும் இந்தப் பக்கத்து வியாபாரிகள் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த மழையில்தான் 30 கிலோ தராசு தகராறு செய்ய ஆரம்பித்தது. காலையில் கடை திறந்து ஸ்விட்சைப் போட்டால் வெறும் தட்டிலேயே 5, 10, 15 என்று எண் தானாக ஏறும், இறங்கும். பகல் 11 மணிக்கு மேல் சாதுவாகிவிடும். மழைக்கு எல்லாமே இப்படித்தான் என்று விட்டுவிட்டோம்.

பதினைந்து வருஷமாக எங்களிடம் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர் ஒருவர், காலையில் அரைக் கிலோ ஏலக்காய் வாங்கிப் போனவர், மறுநாள் அந்தப் பொட்டலத்தோடு வந்து நின்றார். “முதலாளி, தப்பா நெனைக்காதீங்க. எங்க தராசுல இருபது கிராம் கொறையுது” என்றார். கிலோ ஆயிரக்கணக்கில் விற்கும் சரக்கு அது. அவர் எதிரிலேயே போட்டோம், 480 காட்டியது. பற்று வரவில் ஒரு பைசா தகராறு இல்லாத மனிதர் முன்னால் எங்களுக்குப் பேச வாய் வரவில்லை. இருபது கிராமைப் போட்டுக் கொடுத்துவிட்டோம். ஆனால் அவருக்கு முன்னால் அதே தராசில் வாங்கிப் போனவர்களுக்கு எதைப் போட்டுக் கொடுப்பது?

பழுது பார்க்க வந்த முதல் ஆள் பத்து நிமிஷத்தில் “லோடு செல் போயிடுச்சு சார்” என்றார். தட்டுக்கு அடியில் இருக்கும் அலுமினியக் கட்டைக்குத்தான் லோடு செல் என்று பெயர். பாரம் ஏறும்போது மயிரிழை அளவு அது வளையும். வளைவுக்குத் தக்கபடி சிறு மின்சாரம் மாறும். அதை மாற்றக் கூலியோடு 1,500 ரூபாய். முத்திரை உடைந்தால் மறுமுத்திரை வாங்காமல் தராசைப் பயன்படுத்தக் கூடாது என்பதால் அந்த அலைச்சலும் சேர்ந்தது. வெயில் அடித்த ஒரு வாரம் ஒழுங்காக இருந்தது. அடுத்த மழையில் பழைய குருடி கதவைத் திறடி.

இரண்டாவதாக வந்த தம்பி அவசரப்படவில்லை. தன் பையிலிருந்து நல்ல லோடு செல் ஒன்றை எடுத்து எங்கள் தராசின் போர்டில் மாட்டினார். எண் அப்போதும் தானாக நடந்தது. “ஐயா, செல் மேல குத்தமில்ல. போர்டுல ஈரம் இறங்கியிருக்கு” என்று திருகைக் கழற்றிப் போர்டை எடுத்துக் கையில் கொடுத்தார். காக்கி நிறம். ஓரத்தைத் தடவினால் பிஸ்கட் போலப் பொரபொரத்தது. லோடு செல் கம்பிகள் வந்து சேரும் இடத்தைச் சுற்றி உப்புப் பூத்தது போல வெள்ளையாக ஒரு படலம்.

கணக்கு இப்படி. சாதாரணமாக இந்தத் தராசுகளில் லோடு செல்லுக்கு 5 வோல்ட் கொடுத்தால் முழுப் பாரத்துக்கு அது திருப்பித் தருவது சுமார் 10 மில்லிவோல்ட். 30 கிலோவை 5 கிராம் 5 கிராமாகப் பிரித்தால் 6,000 பங்கு. அந்த 10 மில்லிவோல்ட்டை 6,000 பேருக்குப் பங்கு வைத்தால் ஒரு பங்குக்கு வருவது, ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாகக் கூறு போட்டு அதில் ஒன்றரைக் கூறு சொச்சம். இத்தனை சிறிய மின்சாரம் ஓடுகிற பாதைக்குப் பக்கத்தில் ஈரம் ஊறிய பலகை இருந்தால், 5 வோல்ட் ஓடும் கம்பியிலிருந்து அதன் வழியாகக் கடுகளவு மின்சாரம் கசிந்தாலும் நாலைந்து பங்கு சுலபமாகத் தள்ளிவிடும். நாலு பங்கு என்றால் இருபது கிராம். வெறும் பையை வைத்துப் பூஜ்யம் செய்துவிட்டு, ஏலக்காயைக் கொஞ்சம் கொஞ்சமாக நாங்கள் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் தராசு தானாக இருபது கிராம் ஏறியிருக்கிறது. மதியத்துக்கு மேல் சரியானதற்குக் காரணமும் அதுவே. உள்ளே இருக்கும் சூட்டில் போர்டு காய்ந்துவிடுகிறது.

போர்டு காயாமலும் ஊறாமலும் இருக்க வேண்டுமென்றால் அதை எதில் செய்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். இந்த விஷயம் நமக்கு அந்நியமானதல்ல. நம் கல்லாப் பெட்டி மேஜை மேல் ஒட்டியிருக்கும் சன்மைக்காவும், அந்தக் காலத்து ஸ்விட்ச் போர்டுப் பெட்டிகளில் எலக்ட்ரீஷியன் அறுத்துப் பொருத்திய ஹைலம் ஷீட்டும், தராசுக்குள் இருந்த அந்தக் காக்கிப் பலகையும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். காகிதத்தைப் பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காக வைத்து, சூடு காட்டி அழுத்தினால் வருவதுதான் மூன்றும். பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பேக்லேண்ட் என்ற ரசாயன நிபுணர் 1907-ல் கண்டுபிடித்த பேக்கலைட் பிசினிலிருந்து இந்த வம்சம் தொடங்குகிறது. ஃபார்மைக்கா என்று உலகமெங்கும் மேஜை மேல் ஒட்டுகிறார்களே, அது 1913 வாக்கில் மேஜைக்காக வந்த சரக்கே அல்ல. மின்சாதனங்களில் மைக்கா தகட்டுக்குப் பதிலாகப் போடுவதற்காகச் செய்தார்கள். மைக்காவுக்குப் பதில் என்ற பொருளில்தான் ஆங்கிலத்தில் அந்தப் பெயர். ஆக, போர்டு மேஜையாயிற்றே தவிர மேஜை போர்டாகவில்லை.

காகிதப் பலகை மலிவு. அச்சு வைத்துக் குத்தினால் துளை சுத்தமாக விழும் என்பதால் செய்கூலியும் குறைவு. வியாபாரத்தில் இதை பேப்பர் ஃபினாலிக் என்கிறார்கள், எஃப்.ஆர்.2 என்றும் தரம் போட்டிருக்கும். ரேடியோ, ரிமோட், விளையாட்டுச் சாமான், கொசு பேட் போன்றவற்றில் பெரும்பாலும் இதுதான். அங்கெல்லாம் இது போதும் என்பதே எங்கள் அபிப்பிராயம். கொசு பேட்டுக்கு இருபது கிராம் கணக்கு ஏது?

மற்றது கண்ணாடி. இதைக் கேட்டபோது நமக்கே வியப்பாக இருந்தது, ஏனென்றால் இது நெசவு. கண்ணாடியை உருக்கி நூலாக இழுத்து, பாவு ஊடை போட்டுத் துணியாகவே நெய்கிறார்கள். போர்டுக்குப் பரவலாகப் பயன்படும் 7628 என்ற எண்ணுள்ள துணியில் அங்குலத்துக்குப் பாவில் 44 இழை, ஊடையில் சுமார் 32 இழை. எங்கள் கடைக்கு வரும் தறிக்காரர் ஒருவரிடம் சொன்னோம். “இவ்ளோ கலக்கமாவா நெய்யறாங்க?” என்று சிரித்தார். பட்டுக் கணக்கில் அது கலக்கம்தான். அந்தத் துணியை எபாக்ஸி பிசினில் தோய்த்து எட்டு மடிப்பு அடுக்கிச் சூட்டில் அழுத்தினால் நாம் வழக்கமாகப் பார்க்கும் 1.6 மில்லிமீட்டர் பலகை கிடைக்கும். இதுதான் கிளாஸ் எபாக்ஸி, தரப் பெயர் எஃப்.ஆர்.4. எஃப்.ஆர். என்றால் தீயைப் பற்ற விடாமல் தடுக்கும் என்று அர்த்தம். தண்ணீரில் ஊறப்போட்டாலும் சாதாரணமாகத் தன் எடையில் நூற்றுக்குக் கால் பங்குகூடக் குடிக்காது. காகிதப் பலகை அதைப் போலப் பல மடங்கு குடிக்கும். 130 டிகிரி சூடு வரைக்கும் விறைப்பு குறையாது.

இரண்டுக்கும் நடுவே சி.இ.எம்.1 என்று ஒரு கலப்பு ரகம் இருக்கிறது. நடுவில் காகிதம், மேலும் கீழும் கண்ணாடித் துணி. பொன்னி அரிசியில் வேறு அரிசி கலந்த மாதிரி என்று சொல்லத் தோன்றினாலும் அது நியாயமில்லை. தன் பெயரைச் சொல்லி விற்றால் அதுவும் நல்ல சரக்கே. எஃப்.ஆர்.4 என்று சொல்லி அதைத் தருவதுதான் தவறு.

பலகையின் மேல் ஒட்டும் செம்புத் தகட்டின் கணக்கு நம் போன்றவர்களுக்கு ருசிக்கும். அதன் கனத்தை எடையில்தான் சொல்கிறார்கள். ஒரு சதுர அடிக்கு ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம் சொச்சம் செம்பு பரப்பினால் 35 மைக்ரான் கனம் வரும். ‘ஒரு அவுன்ஸ் போர்டு’ என்றாலே அதுதான். தேவையில்லாத செம்பை மருந்தில் கரைத்துவிட்டால் மிஞ்சும் கோடுகள்தான் மின்சாரம் ஓடும் பாதை. பழுது பார்க்கும் போதெல்லாம் பத்த வைக்கிற சூட்டில் காகிதப் பலகையிலிருந்து இந்தச் செம்புக் கோடு சீக்கிரம் உரிந்து வந்துவிடும். “ட்ராக் தூக்கிடுச்சு” என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். கண்ணாடிப் பலகை இரண்டு மூன்று பழுதுக்குத் தாங்கும்.

சரி, கடையில் நின்றுகொண்டு எப்படிக் கண்டுபிடிப்பது? பச்சை நிறமாக இருந்தால் கண்ணாடி என்று நினைத்துவிடக் கூடாது. பச்சை என்பது மேலே அடித்த பூச்சு. காகிதத்துக்கும் பச்சை அடிக்கலாம். பலகையின் ஓரத்தைப் பாருங்கள். பழுப்பாக, அட்டை வெட்டியது போல இருந்தால் காகிதம். செம்பு இல்லாத இடத்தை வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவி, கட்டம் கட்டமாக நெசவு தெரிந்தால் கண்ணாடி. மேல்புறம் பால் வெள்ளையாக இருந்து ஓரத்தில் காகிதம் தெரிந்தால் கலப்பு. ‘94வி-0’ என்று அச்சிட்டிருப்பதைக் காட்டி இதுதான் ஒரிஜினல் என்பார்கள். அது தீப்பிடிக்காத தரத்தைக் குறிக்கும் எண். கலப்புப் பலகையிலும் இருக்கும். ஈரத்துக்கு அது ஜாமீன் ஆகாது. விற்பவர் முத்திரை உடைத்துத் தராசைத் திறந்து காட்ட முடியாது என்பது உண்மை. அதே மாடலின் உதிரி போர்டு இருக்கிறதா, காட்டுங்கள் என்று கேட்கலாம். காட்டத் தயங்குகிறவரிடம் நாங்கள் இப்போது வாங்குவதில்லை.

பழி முழுவதையும் பலகை மேல் போட எங்களுக்கு மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. கல் உப்பு மூட்டையை நாங்கள்தான் தராசு மேஜைக்கு அடியிலேயே அடுக்கி வைத்திருந்தோம். மழைக் காற்றில் உப்பு நீர் விட்டு, அந்த ஈரமே மேலே ஏறியிருக்கிறது. வெல்லத் தூளைத் தேடிப் போன கரப்பான்கள் போர்டு மேலேயே குடித்தனம் நடத்தியிருந்தன. செய்த இடத்தில் பத்த வைத்த பிசுக்கைச் சரியாகக் கழுவாமல் விட்டதும் தெரிந்தது. பிசுக்கும் உப்பும் ஈரமும் சேர்ந்தால் கண்ணாடிப் பலகையின் மேல்பரப்பில்கூடக் கசிவு வரும் என்று அந்தத் தம்பியே சொன்னார்.

முதலில் அவர் ஸ்பிரிட் போட்டுப் போர்டைக் கழுவி உலர வைத்தார். பத்து நாள் சுத்தமாக நின்றது, பிறகு மறுபடி நடந்தது. சென்னை மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி தெருவுக்குப் போய் அதே மாடலுக்குப் பொருந்தும் கிளாஸ் எபாக்ஸி போர்டு ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்கி வந்தோம். அதைக் கழுவி, உலர்த்தி, அதன் பிறகே வார்னிஷ் போன்ற பூச்சைக் கொடுத்தார். கழுவாமல் பூச்சுக் கொடுத்தால் அழுக்கை உள்ளே வைத்துப் பூட்டியது போல ஆகிவிடுமாம். உள்ளே ஈரம் இழுக்கும் சிலிக்கா ஜெல் பை ஒன்றையும் போட்டார்.

சட்ட சங்கதி ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் 2011 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது. இரும்புப் படிக்கல்லுக்கும் கைத்தராசுக்கும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை முத்திரை. எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம். பழுது பார்ப்பவருக்கு உரிமம் இருக்க வேண்டும். பழுது பார்த்த பின் முத்திரை இல்லாமல் எடை போட்டால் தவறு நம்முடையதே. அந்த நாட்களில் பரணிலிருந்த கைத்தராசை இறக்கி, முத்திரை தேதி பார்த்து, படிக்கல் வைத்தே வியாபாரம் செய்தோம். கடைப் பையனுக்கு முள் பார்க்கத் தெரியவில்லை, சொல்லிக் கொடுத்தோம்.

உப்பு மூட்டைகள் இப்போது பின்கட்டில். கழற்றிய காக்கிப் போர்டு கல்லாவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. கேட்பவர்களுக்கு எடுத்துக் காட்டுகிறோம். அதன் பிறகு வந்த மழைக்காலங்களில் காலையில் வெறும் தட்டு பூஜ்யத்திலேயே நிற்கிறது. ஏலக்காய் வாங்கிய அந்த நண்பர் இன்றும் எங்களிடம்தான் எடுக்கிறார். வரும்போது முத்திரை போட்ட அரைக் கிலோ கல் ஒன்றைப் பையில் கொண்டு வருகிறார். தட்டில் வைத்து 500 பார்த்த பிறகுதான் சரக்குச் சிட்டையை நீட்டுகிறார்.