இரண்டு நாள் எம்சி

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிங்கப்பூரில் இருக்கும் என் கிளினிக்குக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிய கையோடு வருவார்கள். அன்று வந்த தம்பியின் கையில் பை இல்லை, துணிக்கட்டு இருந்தது. கூடவே கம்பெனி சூப்பர்வைசர். "என்னப்பா ஆச்சு?" என்று தம்பியைக் கேட்டால் சூப்பர்வைசர் பதில் சொல்கிறார்: "டார்மெட்ரி பாத்ரூம்ல வழுக்கிட்டான் டாக்டர். ரெண்டு நாள் எம்சி போதும். அப்புறம் லைட் டூட்டி போட்டுக் குடுங்க."

எம்சி என்கிற மருத்துவ விடுப்புச் சீட்டை, மளிகைக் கடையில் சாமான் கேட்பதுபோல் கேட்கிற தொனி.

அவரை வெளியே உட்காரச் சொன்னேன். கதவைச் சாத்தியதும் கதை மாறிவிட்டது. வேலையிடத்தில் மேலிருந்து பலகை நழுவிக் கையில் விழுந்திருக்கிறது. இரண்டு விரல்கள் வீங்கிக் கறுத்திருந்தன.

டாக்டரைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று கேட்பதில் தப்பே இல்லை. பலருக்கு இது தெரிவதில்லை. அறைக்குள் யார் நிற்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் பல நேரம் உண்மை வெளியே வருகிறது. முதல் நாள் டாக்டரின் குறிப்பில் 'குளியலறையில் வழுக்கினார்' என்று ஏறிவிட்டால், பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு. இழப்பீட்டு வழக்குகளில் எல்லோரும் முதலில் புரட்டிப் பார்ப்பது அந்த ஒரு வரியைத்தான்.

அதென்ன கணக்கு, இரண்டு நாள்? அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. முன்பெல்லாம் வேலையிடக் காயத்துக்கு மூன்று நாளுக்கு மேல் எம்சி கொடுத்தால்தான் முதலாளி மனிதவள அமைச்சிடம் அறிவிக்க வேண்டும். இரண்டோடு நிறுத்திவிட்டால் விபத்து காகிதத்தில் ஏறாது. 2020 செப்டம்பர் 1 முதல் அந்தக் கதவு அடைபட்டுவிட்டது. வேலைக் காயத்துக்கு ஒரே ஒரு நாள் எம்சி கொடுத்தாலும், ஒரு நாள் லைட் டூட்டி எழுதினாலும், அறிவித்தாக வேண்டும். சட்டம் மாறிவிட்டது. 'ரெண்டு நாள் போதும்' என்ற பேச்சுதான் இன்னும் மாறவில்லை.

டாக்டர்களாகிய எங்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. 2011 செப்டம்பரில் இங்கே ஒரு கட்டுமான ஊழியர் விழுந்து வலது கையில் எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்தபின் அவருக்குக் கிடைத்தது இரண்டு நாள் எம்சி, அதற்குப் பிறகு லைட் டூட்டி. சிகிச்சையளித்த மருத்துவர் மீது புகார் போனது. முதலில் ஒழுங்கு விசாரணைக் குழு அவரை விடுவித்தது. 2016-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்த முடிவை மாற்றி, ஆறு மாதம் தொழில் செய்யத் தடை விதித்தது. லைட் டூட்டி என்று எழுதும் முன் அங்கே உண்மையிலேயே இலேசான வேலை இருக்கிறதா, ஓய்வு கிடைக்குமா என்று விசாரித்துத் தெரிந்துகொள்வது மருத்துவரின் பொறுப்பு என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

அந்தத் தீர்ப்பைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. நானும் விசாரிக்காமல் எழுதியவன்தான். முதுகுவலி என்று வந்த ஒருவருக்கு லைட் டூட்டி எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து, வலி கூடிப்போய்த் திரும்பி வந்தார். அங்கே என்ன வேலை கொடுத்தார்கள் என்று கேட்டேன். சிமெண்ட் மூட்டைக்குப் பதில் குப்பை மூட்டை தூக்கினாராம். அதிலிருந்து 'லைட் டூட்டி' என்று மொட்டையாக எழுதுவதை விட்டுவிட்டேன். 'இடது கையால் எதையும் தூக்கக் கூடாது, உயரத்தில் ஏறக் கூடாது' என்று விரித்து எழுதுகிறேன். உங்கள் டாக்டர் அப்படி எழுதவில்லையென்றால் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

சம்பள விஷயத்துக்கு வருவோம். வேலைக் காயமென்றால் வெளிநோயாளி எம்சி 14 நாள் வரையும், மருத்துவமனை விடுப்பு 60 நாள் வரையும் முழுச் சம்பளம். அதற்கு மேல், விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு. கணக்கிடுவது ஓவர்டைம் சேர்ந்த சராசரி வருமானத்தை வைத்து. லைட் டூட்டி நாள்களுக்கும் இதே கணக்குத்தான். மருத்துவச் செலவுக்கான உச்சவரம்பு 2025 நவம்பர் 1 முதல் 53,000 வெள்ளி. யார் மேல் தப்பு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. ஓராண்டுக்குள் கோரிக்கை வைக்க வேண்டும். நடுவில் வேலை போனாலும், ஊருக்கு அனுப்பிவிட்டாலும், உரிமை போகாது. முதலாளி அறிவிக்க மறுத்தால் ஊழியரே நேராக அமைச்சிடம் சொல்லலாம்.

கம்பெனி டாக்டர் கொடுத்த எம்சிதான் செல்லும் என்று மிரட்டுவதும் நடக்கிறது. 2019 ஏப்ரலிலிருந்து, பதிவுபெற்ற எந்த மருத்துவர் கொடுத்த எம்சியையும் முதலாளி ஏற்க வேண்டும். வேலைக் காயமல்லாத காய்ச்சல், சர்க்கரை போன்றவற்றுக்கு 2022-ல் தொடங்கிய அடிப்படைப் பராமரிப்புத் திட்டம் இருக்கிறது. டார்மெட்ரியில் தங்கியிருப்பவர்களும் கட்டுமானம், கப்பல் பட்டறை போன்ற துறைகளில் ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர்களும் அதற்குரிய மருத்துவ நிலையத்தில் ஐந்து வெள்ளி கட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

இதே ஊரில் எம்சிக்கு இன்னொரு முகமும் உண்டு. வீடியோவில் ஒரு நிமிடத்துக்குள் முடிந்த ஆலோசனைகள் ஆயிரக்கணக்கில் நடந்தது தெரிந்து, 2024 டிசம்பரில் சுகாதார அமைச்சு ஒரு கிளினிக்கின் உரிமத்தையே ரத்து செய்தது. ஏசி அறையில் இருப்பவருக்குக் கைப்பேசியில் வந்து விழுகிற அதே சீட்டை, விரல் நசுங்கியவர் கெஞ்சிக் கேட்க வேண்டியிருக்கிறது.

தம்பியை எக்ஸ்ரேக்காக மருத்துவமனைக்கு அனுப்பக் கடிதம் எழுதினேன். பலகை விழுந்ததையும், நாளையும், நேரத்தையும் குறித்தேன்.

"அப்படியே எழுதணுமா டாக்டர்? பெர்மிட் போயிடுமே. ஏஜெண்டு கடன் இன்னும் அடையல."

பயம் நியாயமானதுதான். பெர்மிட் போகாது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. கோரிக்கை நடக்கும்போது அமைச்சு ஸ்பெஷல் பாஸ் கொடுத்து இங்கேயே தங்க அனுமதிக்கலாம் என்று சொன்னேன். வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 24 மணி நேர எண்ணை, 6536 2692, சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். வழக்கு முடியும்வரை வருமானமில்லாமல் காத்திருப்பவர்களுக்கு 'டிரான்சியன்ட் ஒர்க்கர்ஸ் கவுன்ட் டூ' என்ற அமைப்பு 2008-லிருந்து லிட்டில் இந்தியாவில் சாப்பாடு போட்டு வருவதையும் சொன்னேன். "எந்தச் சீட்டா இருந்தாலும் கைமாத்தறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துக்குங்க தம்பி. பலகை விழுந்தப்ப பக்கத்துல யார் நின்னாங்கன்னும் எழுதி வச்சுக்குங்க."

நல்ல கையால் கைப்பேசியை எடுத்து, கடிதத்தை என் மேசைமேல் விரித்துப் படம் எடுத்தார். ஆடிவிட்டது. இன்னொன்று எடுத்தார்.

கதவைத் திறந்ததும் சூப்பர்வைசர் எழுந்து கடிதத்துக்குக் கையை நீட்டினார். தம்பி அதை நான்காக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.