வயலிலிருந்து வாணலி வரை

சென்ற பங்குனி மாதத்தில், விருத்தாசலம் வட்டத்துக் கம்மாபுரம் வட்டாரத்தில் உள்ள ஒரு சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிட்டுத் திரும்பும் வேளையில், வயது முதிர்ந்த அங்கத்தினர் ஒருவர் நம்மை வழிமறித்தார். அன்று காலையில்தான் அவருடைய கொல்லையில் பறித்த மணிலாக்கொட்டை மூட்டையாகி வியாபாரியின் வண்டியில் ஏறியிருந்தது. அவர் கையில் ஓர் எண்ணெய்ப் பொட்டலம் இருந்தது. “ஐயா, கொல்லையில் என்னிடம் வாங்கினவர் நன்றாக இருக்கிறார். கடையில் எனக்கு எண்ணெய் விற்கிறவரும் நன்றாக இருக்கிறார். இரண்டுக்கும் நடுவில் இருப்பது நான் போட்ட மல்லாட்டைதானே? எனக்கு மட்டும் ஏன் மிஞ்சவில்லை?” என்று வினவினார்.

அவ்வினாவிற்கு அப்போது நாம் தக்க விடை கூறவில்லை. பேருந்திற்கு நேரமாயிற்று என்று சொல்லி வந்துவிட்டோம். ஆயினும் அது நம்மை விட்டு அகலவில்லை. அப்பெரியவருக்கும், அவரைப் போன்ற நம் அங்கத்தினர் அனைவருக்கும் உரிய விடையை இக்கட்டுரையில் ஆராய முற்படுவோம்.

ஒரு மூட்டையின் பிரயாணம்

நன்கு உலர்ந்த 100 கிலோ மணிலாக் காயை உடைத்தால் ஏறத்தாழ 70 கிலோ பயிறும் 30 கிலோ தோலும் கிடைக்கும். அந்த 70 கிலோ பயிறைச் செக்கிலோ எக்ஸ்பெல்லரிலோ இட்டு ஆட்டினால் சுமார் 28 முதல் 30 கிலோ எண்ணெய் இறங்கும். எஞ்சுவது பிண்ணாக்கு. தோல் கொதிகலனுக்கு எரிபொருளாகிறது. பிண்ணாக்கு மாட்டுத் தீவனமாகிறது. எண்ணெய் அடுக்களைக்குச் செல்கிறது. ஒரு காயில் வீணாகும் பகுதி எதுவுமில்லை. ஆனால் காயாகவே விற்றுவிடும் விவசாயிக்கு இம்மூன்றில் எதன் விலையும் தனியே கைக்கு வருவதில்லை.

நெல்லுக்கும் இதே நியாயம் பொருந்தும். 100 கிலோ நெல்லில் அரிசி சுமார் 65 கிலோ. உமி ஏறத்தாழ 20 கிலோ. மீதியில் பெரும்பகுதி தவிடு. அத்தவிட்டிலிருந்தும் இன்று சமையல் எண்ணெய் எடுக்கப்படுகிறது. நெல்லை விற்றவர் தவிட்டைத் தீவனத்திற்காக விலை கொடுத்து வாங்குவதை நாம் நாள்தோறும் காண்கிறோம்.

கொல்லைக்கும் வாணலிக்கும் இடையே கிராம வியாபாரி, மண்டிக்காரர், ஆலைக்காரர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடைக்காரர் எனப் பலர் நிற்கின்றனர். இவர்களை வைது தீர்ப்பது எளிது, அது நியாயமாகாது. பண்டத்தைச் சுமப்பதும், சேமித்து வைப்பதும், முன்பணம் கொடுப்பதும், விலை வீழ்ந்தால் நஷ்டத்தை ஏற்பதும் ஊழியங்களே. ஊழியத்திற்குக் கூலி உண்டு. ஆனால் அவ்வூழியங்களுள் எவற்றை நாமே கூடிச் செய்துகொள்ள இயலும் என்பதே கூட்டுறவாளர் கேட்க வேண்டிய கேள்வி. 2024 ஆம் ஆண்டில் இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஓர் ஆய்வுத்தாள், தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றிற்கு நுகர்வோர் கொடுக்கும் ரூபாயில் விவசாயிக்குச் சேர்வது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே எனக் காட்டிற்று. பாலில் நிலைமை வேறு. 1946 இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் தோன்றிய பால் உற்பத்தியாளர் சங்கத்தின் வழிவந்த அமுல் அமைப்பில், ரூபாயில் சுமார் 80 காசு உற்பத்தியாளருக்கே சேர்வதாக அவ்வமைப்பு கூறுகிறது. கறக்கும் கைகளே பதப்படுத்தும் ஆலைக்கும் உடைமையாக இருப்பதுதான் அதன் காரணம்.

அவசரத்தின் விலை

கம்மாபுரத்துப் பெரியவர் ஏன் பறித்த கையோடு விற்றார்? கடன் தவணை நெருங்கியதால் விற்றார். தவணை தவறாது செலுத்துவோருக்குத் தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடன் வட்டியின்றியே கிடைக்கிறது. அச்சலுகையை இழக்கலாகாது என்ற நல்லெண்ணத்தாலேயே அவர் விலை குறைந்த நாளில் விற்றார். வட்டியில் மிச்சப்படுத்தியதை விலையில் இழந்தார்.

இந்நோய் புதியதன்று. 1951-52 இல் நடைபெற்ற அகில இந்தியக் கிராமக் கடன் ஆய்வு, விவசாயிகள் பெற்ற கடனில் கூட்டுறவுச் சங்கங்கள் வழங்கியது நூற்றுக்கு 3 அளவே என்றும், லேவாதேவிக்காரர்கள் வழங்கியது 70 அளவில் என்றும் கண்டது. கடனையும் விற்பனையையும் ஒன்றாக இணைக்க வேண்டும் என்று அக்குழு வற்புறுத்தியது. கடன் கொடுக்கும் வேலையில் நாம் வெகுதூரம் முன்னேறியுள்ளோம். இணைக்கும் வேலையோ இன்னும் எஞ்சியிருக்கிறது.

ஈரத்தின் கணக்கு

இரண்டாவது காரணம் ஈரம். 100 கிலோ காயில் நூற்றுக்கு 20 ஈரம் இருப்பின், அதை 8 வரை உலர்த்தும்போது எடை 87 கிலோவாகக் குறையும். எடை குறைகிறதே என அஞ்சிப் பலர் ஈரத்துடன் விற்கின்றனர். வியாபாரி அவ்வீரத்தை அறியாதவர் அல்லர். கையில் எடுத்துக் குலுக்கிப் பார்த்தே கழிவு போட்டுவிடுவார். ஈரக் காயின் விலை கிலோ 50 ரூபாய் என்று ஒரு கணக்கிற்காக வைத்துக்கொள்வோம். உலர்ந்த காய் 57 ரூபாய் 50 காசுக்கு மேல் விற்குமாயின் உலர்த்துவதால் ஆதாயம். அதற்குக் கீழே எனில் ஆதாயமில்லை. இச்சிறு கணக்கை ஒவ்வோர் அங்கத்தினரும் விற்பதற்கு முன் போட்டுப் பார்த்தல் வேண்டும். வழக்கத்தை நம்பி முடிவு செய்யலாகாது.

ஈரத்தில் வேறோர் ஆபத்தும் உண்டு. 1960 இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென மாண்டன. ஆராய்ந்ததில், அவற்றின் தீவனத்தில் இருந்த மணிலாப் பிண்ணாக்கில் பூசணம் விளைத்த நஞ்சே காரணம் எனத் தெரியவந்தது. அந்நஞ்சே இன்று அஃப்ளடாக்சின் எனப்படுகிறது. ஈரத்துடன் கட்டிய மூட்டையில் இப்பூசணம் எளிதில் வளரும். இதன் அளவு மிகுந்த பண்டத்தை அயல்நாடுகள் திருப்பி அனுப்பிவிடுகின்றன. மணிலாவை நன்கு காயவைக்கும் சில வெயில் நாட்கள், விலையை மட்டுமன்றி உண்போர் உடல்நலத்தையும் காக்கின்றன.

அருகிலேயே உள்ள சந்தை

தென்னார்க்காட்டு மணிலாவிற்கு உலகச் சந்தை புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அது புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்சேய் நகருக்குச் சென்று, அங்கே எண்ணெயும் சவர்க்காரமும் ஆயிற்று. காய் நம்முடையது, ஆலை அவர்களுடையது. அக்காலத்திலிருந்தே மதிப்பு கூடும் இடம் வேறாக இருந்துவந்தது.

எடையிலும் விலையிலும் நடந்த மோசங்களைத் தடுக்க, 1933 இல் சென்னை மாகாணத்தில் வாணிபப் பயிர்ச் சந்தைச் சட்டம் இயற்றப்பட்டது. திருப்பூரில் பருத்திக்காக 1936 இல் முதற் சந்தை அமைந்தது. பின்னர் தென்னார்க்காட்டில் மணிலாவிற்கும் இவ்வேற்பாடு விரிந்தது. இன்று விருத்தாசலத்தில் உள்ள ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் நெல், மணிலா, உளுந்து, எள் முதலியவற்றிற்குப் பெயர்பெற்றது. அங்கே பண்டத்தைக் குவித்து வைத்தால் வியாபாரிகள் பலர் பார்த்து, ஒருவர் விலை மற்றவருக்குத் தெரியாதபடி எழுதிக் கொடுப்பர். மிகுந்த விலைக்கே விற்பனை. கொல்லையில் ஒருவரே வந்து சொல்லும் விலைக்கும், கூடத்தில் பலர் போட்டியிட்டுக் கூறும் விலைக்கும் உள்ள வேற்றுமையை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. விலை பிடிக்காவிடில் சரக்கைக் கிடங்கில் வைத்து, அதன் ஈட்டின்மேல் கடன் பெறவும் வழியுண்டு. அப்பணத்தால் சங்கத் தவணையைச் செலுத்திவிட்டு, விலை ஏறும் நாள் வரை காத்திருக்கலாம். பெரியவரின் சிக்கலுக்கு இதுவே நேரான பரிகாரம். விலை ஏறாமலும் போகலாம் ஆதலின், முழுச் சரக்கையும் தேக்காமல் பாதியை விற்றுப் பாதியை வைத்தல் விவேகம்.

பொதுச் சூளை தரும் பாடம்

விருத்தாசலத்தின் பீங்கான் தொழிலை அறியாதார் இப்பகுதியில் இல்லை. களிமண் விலை மலிந்த பண்டம். அதுவே பொம்மையாகவும் மின்கம்பத்துப் பீங்கானாகவும் உருப்பெற்றுச் சூளையில் வெந்து வெளிவந்தால் அதன் மதிப்பே வேறு. ஆனால் சூளை கட்டுவது ஒரு சிறு தொழிலாளியால் ஆகும் காரியமன்று. எனவேதான் அங்குள்ள தொழிற்பேட்டையில், பலரும் தத்தம் கூடத்தில் பண்டங்களை வனைந்து, பொதுச் சூளையில் சுட்டுக்கொள்ளும் ஏற்பாடு அமைந்தது.

நெசவாளர் அங்கத்தினர்களுக்கு இந்நியாயம் நன்கு விளங்கும். நூலைக் கடனாகக் கொடுத்தவரே துணிக்கும் விலை குறித்த காலம் ஒன்று இருந்தது. நூலும் விற்பனையும் பொதுவில் அமைய வேண்டும் என்றே 1935 இல் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியது. தறியில் கண்ட உண்மை கொல்லைக்கும் உரியது. களம், தார்ப்பாய், ஈரம் காட்டும் கருவி, உடைக்கும் இயந்திரம், செக்கு ஆகியவை ஒரு குடும்பத்திற்குப் பாரம். நூறு குடும்பங்களுக்குச் சுமையே அன்று.

நம் குறையும் செய்ய வேண்டுவனவும்

ஈண்டு ஓர் உண்மையை ஒளியாது கூறுவது நம் கடமை. அப்பெரியவரின் சங்கத்திற்குச் சிமெண்டுக் களமும் கிடங்கும் உண்டு. களத்தில் பழைய இரும்பும், கிடங்கில் கிழிந்த சாக்குகளும் கிடந்தன. இரண்டு ஆண்டுகளாக நாம் நம் குறிப்பேட்டில் ‘களம், கிடங்கு உள்ளன’ என்றே எழுதி வந்துள்ளோம். உள்ளனவா என்று பார்த்தோமேயன்றி, உதவுகின்றனவா என்று பார்த்தோமில்லை. இவ்வாண்டு அக்குறிப்பு மாற்றி எழுதப்பட்டுள்ளது. களமும் துப்புரவு செய்யப்பட்டது.

அங்கத்தினர்களுக்கு நாம் கூறுவன நான்கே. முதலாவது, அறுவடைக்கு முன்பே களத்தையும் தார்ப்பாய்களையும் ஆயத்தம் செய்யுமாறு நிர்வாகக் குழுவைக் கேளுங்கள். இரண்டாவது, விற்பனைக் கூடத்து அன்றைய விலையைச் சங்கத்தின் வாயிலில் நாள்தோறும் கரும்பலகையில் எழுதச் செய்யுங்கள். மூன்றாவது, பத்துப்பேர் சேர்ந்து ஒரு வண்டியில் சரக்கனுப்புங்கள். வண்டிச் சத்தம் பத்தில் ஒன்றாகும். நான்காவது, உடைப்பும் ஆட்டும் பொதுவில் செய்ய இயலுமா என்பதை அடுத்த மகாசபையில் கணக்கோடு விவாதியுங்கள். ஆலை வாங்கிவிட்டுச் சரக்குத் தேடுவது தவறு; சரக்கைச் சேர்த்துக்கொண்டு ஆலையைத் தேடுவதே முறை. தொடக்கத்தில் ஊரிலுள்ள செக்கிற்கு ஆட்டுக்கூலி கொடுத்தே எண்ணெய் எடுத்து, அங்கத்தினருக்கு வழங்கிப் பார்க்கலாம். நெசவாளர் சங்கம் அவ்வெண்ணெயை வாங்குமாயின், விளைவிப்போரும் நெய்வோரும் ஒருவருக்கொருவர் வாடிக்கையாவர்.

அன்று விடை கூறாது வந்த நாம், மீண்டும் அச்சங்கத்திற்குச் சென்றபோது பெரியவரைத் தேடிக் கண்டோம். “பெரியவரே, மல்லாட்டை உங்களுடையது, அது எண்ணெயாகும் வழி உங்களுடையதாக இல்லை. அதனால்தான் மிஞ்சவில்லை” என்றோம். அவர் சற்று நேரம் மௌனமாயிருந்து, “அடுத்த பட்டத்துக்குக் களத்துச் சாவி யாரிடம் இருக்கும், ஐயா?” என்று கேட்டார். அச்சாவி எவரிடம் இருக்கும் என்பதை ஒவ்வொரு சங்கமும் இப்போதே தீர்மானித்துக்கொள்வது நலம்.