உபாத்தியாயர்களுக்கு இரட்டைப் பரீட்சையா?

உபாத்தியாயர்களின் தகுதியைச் சோதித்தறிய வேண்டும் என்பதில் அபிப்பிராய பேதமில்லை. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தை ஒட்டி, 2010-ல் தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சில் தகுதித் தேர்வை விதித்தது. தமிழ்நாட்டில் முதல் தேர்வு 2012-ல் நடைபெற்றது. இதை நாம் ஆட்சேபிக்கவில்லை.

நமது ஆட்சேபம் பின்னால் வந்த விதியைப் பற்றியதாகும். தகுதித் தேர்வில் தேறியவர்களும் சர்க்கார் பள்ளிகளில் நியமனம் பெற வேறொரு போட்டித் தேர்வு எழுத வேண்டுமென்று 2018-ல் 149-ம் எண் உத்தரவு பிறந்தது. இடைநிலை ஆசிரியர்களுக்கு அத்தேர்வு நடந்ததோ 2024 ஜூலையில்! 2013-ல் தேறியும் நியமனம் பெறாதோர் பதினொரு வருஷம் காத்திருந்து, நேற்றுப் பயிற்சி முடித்தவர்களோடு போட்டியிட நேர்ந்தது. ஏழு வருஷமே செல்லத்தக்கதாயிருந்த சான்றிதழை ஆயுள் முழுதும் செல்லுமென்று 2021-ல் மத்திய சர்க்கார் அறிவித்தனர். சான்றிதழுக்கு ஆயுள் கிடைத்தது; அதை வைத்திருப்பவருக்கு ஜீவனம் கிடைக்கவில்லை.

காலியிடங்கள் சொற்பம், தேறியவர் அநேகர் என்பர். உண்மைதான். ஆயின் காத்திருந்த வருஷங்களுக்கு மதிப்பளிப்பதும், ஆண்டுதோறும் காலியிடங்களை அறிவித்துக் காலந்தவறாமல் நிரப்புவதும் அசாத்தியமல்ல. தகுதியைக் கேட்கும் சர்க்கார் அதற்குரிய மரியாதையையும் அளிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று வற்புறுத்துகிறோம்.