தாய்மார் உணவும் இரத்தச்சோகையும்

ஏறாவூர் முதலிய மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில் நெல்லும் மீனும் உண்டு. எனினும், வறியோர் இல்லங்களில் தாய் கடைசியிலேயே உண்பாள். மீன் தீர்ந்தபின் அவளுக்கு எஞ்சுவன பெரும்பாலும் சோறும் கீரையுமே. கருவுற்ற மகளிரின் 100 மில்லிலீற்றர் குருதியில் ஈமோகுளோபின் 11 கிராமிற் குறையின் அஃது இரத்தச்சோகை எனப்படும். மீனிலுள்ள இரும்புச்சத்தைப்போல் கீரையிலுள்ளதை உடல் எளிதில் ஏற்பதில்லை. உணவோடு பருகும் தேநீர் அதனை மேலும் தடுக்கும். தேசிக்காய்ச் சாறோ துணைசெய்யும். தேநீரை ஒரு மணிநேரம் பிற்படுத்துவதற்குச் செலவேதுமில்லை.

இலங்கையில் 1973 இல் தொடங்கிய திரிபோஷாத் திட்டம், சோளமும் சோயாவும் கலந்த சத்துமாவைக் கருவுற்ற தாய்மார்க்கும் பாலூட்டும் தாய்மார்க்கும் வழங்குவது. அப்பொதியும் வீட்டுப் பிள்ளைகள் அனைவர்க்கும் பங்காகிவிடுவதுண்டு. இதற்காகத் தாயைக் கடிந்துகொள்வோர் பசித்த பிள்ளையின் முகத்தைப் பார்த்தறியார் போலும். மாதந்தோறும் நிறுக்கும்போது அவள் எடை போதியவாறு கூடாமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.